டப்பாவுக்குள் இருந்த சுங்கவரி

கிண்டி தொழிற்பேட்டையில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்டெபிலைசரும் செய்யும் ஒரு பட்டறைக்குப் பாகம் வாங்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் எலக்ட்ரானிக் பாகச் சந்தையான சென்னை ரிச்சி தெருவின் சரித்திரத்தை அதன் டப்பாக்கள் வழியாகவே படித்தேன். கடைக்காரர் இழுத்து முன்னால் வைக்கும் டப்பாவில் எந்த ஊர்ச் சரக்கு கிடக்கிறது என்று பார்த்தால் போதும், அந்த வருஷத்து இறக்குமதிக் கொள்கை தெரிந்துவிடும். அரசிதழ் படிக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் பெரும்பாலும் உள்நாட்டுச் சரக்குதான். 1954-இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸின் ட்ரான்சிஸ்டர், 1964-இல் டெல்லியில் பிறந்த கான்டினென்டல் டிவைஸின் டயோடு, 1973-இல் உருவான கேரளத்து கெல்ட்ரானின் கன்டென்சர். எஸ்எல்100 ட்ரான்சிஸ்டர் இல்லாத பாலிடெக்னிக் லேப் அன்று கிடையாது. வெளிநாட்டு நம்பர் வேண்டுமென்றால் லைசென்ஸ். கிடைத்தாலும் தலைக்கு மேல் வரி. அதனால் கவுன்டரில் டவர்ஸின் ட்ரான்சிஸ்டர் புத்தகம் முதுகு பிய்ந்து கிடக்கும். “அண்ணே, இதுக்கு ஈக்விவேலன்ட்?” என்றால் பழம் தின்று கொட்டை போட்ட கடைக்காரர்கள் புத்தகத்தைத் தொடாமலே நம்பர் சொல்வார்கள்.

புத்தகத்திலும் வழி இல்லையென்றால் குருவிதான், அதாவது பயணப் பெட்டியில் சரக்கு கொண்டுவருகிறவர். சிங்கப்பூரில் எலக்ட்ரானிக் சாமானுக்குச் சுங்கவரி இல்லை. சிம் லிம் டவரில் மாடி மாடியாகப் பாகக் கடைகள். 1985 பிப்ரவரியில் தீப்பிடிக்கும் வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலிலும், பிறகு விமானத்திலும் வந்த பெட்டிகளில் சேலைக்கும் தைலப் புட்டிக்கும் நடுவே ஐசி இருந்தது. டேப் ரெக்கார்டர் சுங்க அதிகாரியின் கண்ணை உறுத்தும். ஐசி உறுத்தாது. 1982 ஆசிய விளையாட்டோடு கலர் டிவி வந்த பிறகு இந்தச் சரக்குக்கு ஏறிய மவுசு கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் பட்டறையைப் படுத்தியது 2என்3055 ட்ரான்சிஸ்டர். ஆடி பிறந்தால் அம்மன் கோயில் ஆம்ப்ளிஃபயர்கள் விடிய விடியக் கத்தும். அவற்றில் பலவற்றின் அவுட்புட்டில் இருந்தது இந்த உலோகத் தொப்பிக்காரன்தான். 15 ஆம்பியர், 60 வோல்ட், 115 வாட் என்பது டேட்டா ஷீட் கணக்கு. சில லாட்டுகளில் தொப்பியில் அமெரிக்க முத்திரை பளிச்சென்று இருக்கும், விலை மட்டும் பாதியாக இருக்கும். லாட்டுக்கு ஒன்றை வைஸில் இறுக்கி, ஆக்சா பிளேடால் தொப்பியை அறுத்துவிடுவோம். நல்ல சரக்கென்றால் உள்ளே அரை சென்டிமீட்டரை நெருங்கும் சதுரச் சில்லு தட்டையாக உட்கார்ந்திருக்கும். போலியில் ஓரம் ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தேறாத துணுக்கு. மேஜையில் அது வேலை செய்யும், மீட்டரிலும் சரியாகக் காட்டும். லோடு ஏறினால்தான் சாகும். “ஒரிஜினலா, டூப்ளிகேட்டா, எது வேணும்?” என்று முகத்துக்கு நேரே கேட்டு விற்ற வியாபாரிகளிடம் எனக்கு மரியாதை உண்டு. கேட்காமல் கொடுத்தவர்களோடுதான் சண்டை.

1991-க்குப் பிறகு லைசென்ஸ் கெடுபிடி தளர்ந்தது. 1997-இல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டின்படி, ஐசி, ட்ரான்சிஸ்டர், கன்டென்சர் மீதான சுங்கவரி 2005-க்குள் படிப்படியாகப் போயிற்று. குருவிக்கு வேலை இல்லை. உள்நாட்டு டப்பாக்களும் மெல்லக் காலியாயின. வாங்குகிற எனக்கு வசதி, செய்தவர்களுக்கு அடி. அசல் மலிந்தும் போலி ஒழியவில்லை. சீனத்து ஷென்ஜெனின் ஹுவாச்சியாங்பெய் சந்தை வழியாக, பழைய போர்டிலிருந்து கழற்றி, முகத்தைத் தேய்த்து, புது நம்பர் அடித்த ஐசிகள் வந்தன. பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் துடைத்தால் கறுப்புப் பூச்சு பஞ்சோடு வந்துவிடும். தேர்ந்த கைவேலையென்றால் அதுவும் வராது.

இப்போதைய பையன்கள் டிஜி-கீயில் ஆர்டர் போடுகிறார்கள். ஹாம் ரேடியோக்காரர்களுக்கான ஒரு கிட்டிலிருந்து பெயரெடுத்து, 1972-இல் மினசோட்டாவின் ஒரு சிற்றூரில் தொடங்கிய கம்பெனி அது. சரக்கில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 2021 சில்லுப் பஞ்சத்தில் அங்கேயும் எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் தீர்ந்துபோக, அதே பையன்கள் ரிச்சி தெருவுக்கு வந்தார்கள். இருந்த கொஞ்சமும் பல மடங்கு விலை. கட்டுப்படியாகாதவர்கள் சீனத்து ஜிடி32 வாங்கிப் போனார்கள். பல மாடல்களில் கால்கள் அப்படியே பொருந்தும், ப்ரோகிராமில்தான் சில இடங்களைத் திருத்த வேண்டும்.