காணாமல் போன பதினொரு நாட்களும் ஒரு நாள் வட்டியும்



முதலில் ஒரு கேள்வி. 1752-ஆம் வருடம் செப்டம்பர் 3-ஆம் தேதி லண்டனில் எத்தனை குழந்தைகள் பிறந்தன? எத்தனை கல்யாணம் நடந்தது? எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் விடை ஒன்றுதான்: பூஜ்யம். அந்த ஊருக்கு அப்படி ஒரு தேதியே வரவில்லை. செப்டம்பர் 2, புதன்கிழமை இரவு படுத்தவர்கள் காலையில் எழுந்தபோது செப்டம்பர் 14, வியாழக்கிழமை. கிழமை மட்டும் வரிசை தப்பாமல் வந்தது, தேதியில் பதினொன்று காணோம்.

முப்பத்தாறு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து நாட்களை எண்ணி எண்ணியே வட்டி போட்டவன் நான். அதனால் இந்த விஷயத்தை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தோன்றிய சந்தேகம் வானியல் பற்றியது இல்லை. அந்தப் பதினொரு நாளைக்கு வட்டி என்ன ஆயிற்று, வாடகை என்ன ஆயிற்று? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேரிலிருந்து வருவோம். பருவங்கள் ஒரு சுற்று சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வர ஏறத்தாழ 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 46 நொடி ஆகிறது. கி.மு. 45 முதல் ரோமாபுரியில் நடைமுறைக்கு வந்த ஜூலியஸ் சீசரின் காலண்டர் இதை 365 நாள் 6 மணி என்று முழுசாக்கிக்கொண்டு, நாலு வருடத்துக்கு ஒரு முறை ஒரு நாளைக் கூட்டியது. வித்தியாசம் வருடத்துக்கு 11 நிமிடம் 14 நொடிதான். கேஷ் கவுண்டரில் தினமும் பத்து பைசா இடித்தால் அன்றைக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள், வருடக் கடைசியில்தான் தலைவலி. அதே கதைதான் இங்கேயும். 128 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் பிழை சேர்ந்துகொண்டே போனது. பகலும் இரவும் சமமாக இருக்கும் வசந்த நாள் மார்ச் 21-இல் வரவேண்டியது, பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கே வந்துவிட்டது. ஈஸ்டர் பண்டிகையை அந்த நாளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள் என்பதால் திருச்சபைக்குக் கவலை.

போப் பதிமூன்றாம் கிரகோரி 1582-இல் ஒரே வெட்டாகப் பத்து நாளைத் தள்ளிவிட்டார். அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. பிழை மறுபடி சேராமல் இருக்க ஒரு விதியும் போட்டார். நூறால் வகுபடும் வருடம் 400-ஆலும் வகுபட்டால்தான் லீப் வருடம். ஆகவே 1600, 2000 லீப்; 1700, 1800, 1900 இல்லை. ஸ்பெயினில் அவிலா ஊரின் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த அக்டோபர் 4-ஆம் தேதி இரவில்தான். விடிந்தால் அடக்கம், தேதியோ 15. இன்றைக்கும் அவர் திருநாள் அக்டோபர் 15-இல்தான்.

ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, போலந்து உடனே மாறின. பிரான்ஸ் அந்த டிசம்பரில் மாறியது. இங்கிலாந்து மட்டும், போப் சொல்லி நாம் கேட்பதா என்று 170 வருடம் முரண்டு பிடித்தது. 1700-ஐ அவர்கள் லீப் வருடமாகக் கொண்டாடியதில் பத்து நாள் வித்தியாசம் பதினொன்றாகிவிட்டது.

இதில் நம் ஊர்ப்பக்கமும் ஒரு வேடிக்கை உண்டு. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். நடுவே நூற்றைம்பது கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு ஊருக்கும் தேதியில் பதினொரு நாள் வித்தியாசம்! 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டை சரணடைந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிடித்தவர்கள் கணக்கில் செப்டம்பர் 21. சரித்திரப் புத்தகங்களில் இரண்டு தேதியையும் பார்க்கலாம், இரண்டும் சரிதான். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ் வருடம், மாதம், தேதியையும் சேர்த்தே எழுதிவைத்தார். கெட்டிக்காரர்.

கடைசியில் செஸ்டர்ஃபீல்டு பிரபு என்பவர் பார்லிமென்டில் மசோதா கொண்டுவந்தார். தனக்கு வானியல் ஒன்றும் புரியாது என்று தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கணக்கைப் பார்த்துக்கொள்ள ஜேம்ஸ் பிராட்லி என்ற வானியல் அறிஞர் இருந்தார். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா எல்லாவற்றிலும் உள்ள ஆங்கில ஆட்சிப் பகுதிகளுக்கும் சட்டம் பொருந்தும் என்று எழுதியதால் சென்னைக் கோட்டையும் அதில் அடக்கம். ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிறந்தநாள் பிப்ரவரி 11-லிருந்து பிப்ரவரி 22-க்கு மாறியதும் இதனால்தான்.

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன். 'எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு' என்று லண்டனில் ஜனங்கள் கலவரம் செய்தார்கள் என ஒரு கதை வெகுகாலமாக உலவுகிறது. அப்படிக் கலவரம் எதுவும் நடக்கவில்லை என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியாளர்கள் முடிவு. ஹோகார்த் என்ற ஓவியர் தேர்தலைக் கிண்டல் செய்து 1755 வாக்கில் வரைந்த படத்தில் அந்த வாசகம் எழுதிய பலகை ஒன்று கிடக்கிறது, அதிலிருந்து வளர்ந்த கதை. வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே இப்படி!

ஜனங்களை முட்டாளாக்கும் இந்தக் கதையை விட, சட்டத்துக்குள் இருக்கும் ஒரு பிரிவு எனக்கு முக்கியமாகப் பட்டது. வாடகை, கடன் தவணை, வட்டி எதுவாக இருந்தாலும், தேதி முன்னால் வந்துவிட்டது என்பதற்காகப் பணத்தை முன்னதாகக் கேட்கக் கூடாது. உண்மையில் எத்தனை நாள் கழிய வேண்டுமோ அத்தனை நாளும் கழிந்த பிறகே கட்டினால் போதும். 21 வயது பூர்த்தியாவதும், தொழில் கற்க ஒப்பந்தத்தில் சேர்ந்த பையனின் காலம் முடிவதும் அப்படியே. குத்தகைக்காரன் தலையில் பதினொரு நாள் வாடகை விழாமல் பார்த்துக்கொண்டார்கள். யார் எழுதிய பிரிவோ, வட்டிக் கணக்குத் தெரிந்தவர் கை அதில் பட்டிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தது. 1984-இல் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பிப்ரவரி 10 முதல் ஏப்ரல் 10 வரை இருபதாயிரம் ரூபாயை டெபாசிட்டில் போட்டிருந்தார். நான் 59 நாள் என்று எண்ணி வட்டி போட்டேன், ஆபீசரும் டிக் அடித்துவிட்டார். மறுநாள் வாத்தியார் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, இந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது. அந்த ஒரு நாள் என் பணம் உங்ககிட்டதானே இருந்தது?" என்றார். ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வவுச்சர் போட்டுக் கொடுத்தேன். சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு, "மத்தவங்களுக்கும் பாத்துடுங்க" என்றார். பார்த்தேன். அந்த மாதத்தில் இன்னும் நாலு கணக்கில் அதே ஒரு நாளை விட்டிருந்தேன். அவர்களில் யாரும் கேட்டு வரவில்லை.

சரி, லண்டனுக்குத் திரும்புவோம். அதுவரை இங்கிலாந்தில் சட்டப்படி வருடப் பிறப்பே மார்ச் 25-தான். அந்தச் சட்டம்தான் அதை ஜனவரி 1-க்கு மாற்றியது. மாறும் அவசரத்தில் 1751-ஆம் வருடம் 282 நாளிலேயே முடிந்துபோனது. ஆனால் அரசாங்கக் கஜானாவின் கணக்கு மார்ச் 25-இல் முடிந்துகொண்டிருந்தது. பதினொரு நாள் குறைத்துக் கணக்கை முடிக்க அவர்களுக்கும் மனம் வரவில்லை. பதினொன்றைக் கூட்டி ஏப்ரல் 5-இல் முடித்தார்கள். இன்று வரை இங்கிலாந்தில் தனிநபர் வருமான வரி வருடம் ஏப்ரல் 6-இல் தொடங்கி ஏப்ரல் 5-இல்தான் முடிகிறது. அங்கே பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

நம் நாட்டில் மே 1-இல் தொடங்கிக்கொண்டிருந்த அரசு நிதியாண்டு 1867-இல்தான் ஏப்ரல் 1-க்கு மாறியது. வங்கிகளுக்கு அப்புறமும் டிசம்பர் 31-தான் வருட முடிவு. நான் சேர்ந்த புதிதில் ஊரே புத்தாண்டுக்குக் காத்திருக்க, நாங்கள் லெட்ஜரோடு உட்கார்ந்திருப்போம். எண்பதுகளின் கடைசியில்தான் எங்களுக்கும் மார்ச் 31 ஆனது.

ஸ்வீடன்காரர்கள் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரேயடியாக வெட்ட வேண்டாம், 1700 முதல் நாற்பது வருடத்துக்கு லீப் நாளை மட்டும் விட்டுக்கொண்டே வரலாம் என்று திட்டம் போட்டார்கள். 1700-இல் விட்டார்கள். பிறகு யுத்த மும்முரத்தில் 1704-இலும் 1708-இலும் மறந்தே போனார்கள். இப்போது பழைய காலண்டரும் இல்லை, புதியதும் இல்லை. மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் பழையதற்கே திரும்பச் சொன்னார். விட்ட ஒரு நாளை எங்கே சேர்ப்பது? 1712-இல் அங்கே பிப்ரவரி 30 வந்தது. கடைசியில் 1753-இல் பிப்ரவரி 17-க்கு அடுத்த நாள் மார்ச் 1 என்று ஒரேயடியாகத்தான் வெட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு, நம் சித்திரை 1 மட்டும் சரியா என்று சிலர் கேட்பீர்கள். நம் வருடம் நட்சத்திரங்களை வைத்துச் சூரியனை அளப்பது. அது பருவ வருடத்தை விட இருபது நிமிடத்துக்கு மேல் நீளம். அதனால் சுமார் அறுபது, எழுபது வருடத்துக்கு ஒரு நாள் தள்ளிப் போகிறது. மார்ச் 21-ஐ ஒட்டி வந்த வருடப் பிறப்பு ஏப்ரல் 14-க்கு வந்தது அப்படித்தான். விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையில் குழு போட்டு, 1957-இல் தேசிய காலண்டர் ஒன்றைச் செய்தும் கொடுத்தார்கள். அரசிதழில் இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் இல்லை.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். எக்செல்லில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதியாக மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். 1900 லீப் வருடம் இல்லை என்று மேலே சொன்னேனே, அப்படி ஒரு நாள் உலகத்தில் வந்ததே கிடையாது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த தவறு அது. அந்தக் கோப்புகள் எக்செல்லிலும் ஒழுங்காகத் திறக்க வேண்டுமே என்று தவறையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். இன்னும் திருத்தவில்லை.

நம் சங்கத்தின் வரவு செலவும் எக்செல்லில்தான் இருக்கிறது என்பதால் போன வாரம் பொருளாளரிடம் இதைச் சொல்லி எச்சரித்தேன். 1900-ஆம் வருடத்துப் பராமரிப்புக் கட்டண பாக்கி யாருக்கும் இல்லை, 2025-ஆம் வருடத்துப் பாக்கிதான் ஏழு வீட்டில் இருக்கிறது என்றார்.