ஊமையெனப்பட்ட உயிர்கள்

தாவரத்துக்கு ஊட்டமும் வளர்ச்சியும் உண்டு, உணர்ச்சி இல்லை என்று வகுத்தவர் அரிஸ்டாட்டில். சிலர் பிறப்பிலேயே அடிமைகள் என்றவரும் அவரே. மேலிருந்து வழங்கப்பட்ட இத்தீர்ப்புகளுள் முன்னையது நம் காலம்வரை பலர் மனத்தில் நிலைத்திருந்தது.

1972 இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறீன், றையன் என்னும் இருவர் உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளை ஆராய்ந்தனர். வண்டின் புழுக்கள் ஓர் இலையைக் கடித்தபோது, கடிபடாத இலைகளிலும் ஒரு புரதம் திரண்டது. புழுவின் செரிமானத்தைத் தடுக்கவல்லது அது. ஓர் இலையின் காயச் செய்தி செடியெங்கும் பரவுவது இதனாற் புலனாயிற்று.

காயப்பட்ட மரத்தின் அயல்மரமும் எச்சரிக்கை பெறுகிறதென 1983 இல் பால்ட்வினும் ஷுல்ட்ஸும் அறிவித்தபோது, அறிஞர் சிலர் சோதனை முறையிற் குறை கண்டனர். அந்த ஐயம் வீண்போகவில்லை. ஆய்வுகள் அதனாற் செப்பமுற்றன. ஒரு செடி வெளிவிடும் ஆவி அடுத்த செடியின் எதிர்ப்பைத் தூண்டுமென 1990 இல் ஃபார்மரும் றையனும் காட்டினர்.

அதே ஆண்டில் டேர்லிங்ஸ் குழுவினர் மக்காச்சோள நாற்றுகளைச் சோதித்தனர். வெறுங்காயத்துக்கு அதிகம் அசையாத நாற்று, அக்காயத்திற் புழுவின் வாய்நீர் பட்டதும் மணப்பொருள்களை மிகுதியாக வெளிவிட்டது. புழுவினுள் முட்டையிட்டு அதனை அழிக்கும் குளவி அம்மணத்தைத் தேடி வந்தது.

செடிக்கு மூளையில்லை, நரம்புமில்லை. அதன்மேல் மனித மனத்தை ஏற்றிப் பேசவேண்டியதில்லை. ஆனால் கண்மூடித் தெளிக்கப்படும் பூச்சிகொல்லி புழுவோடு குளவியையும் கொல்லுகிறது. பின்னர் செடி அழைத்தாலும் வருவதற்கு எவருமில்லை. இவ்வறிவை வகுப்பறைக்கும் வயலுக்கும் எடுத்துச் செல்லுதல் நம் கடன்.