திருமண நிச்சய உருவகம் (யாழ்ப்பாணக் கிறிஸ்தவ மரபில்)

இறைவன் தம் மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையை மண நிச்சயமாகவும், அவரை மணவாளனாகவும், அடியாரை அல்லது திருச்சபையை மணவாட்டியாகவும் காட்டும் விவிலிய உருவகம். இதன் பழைய ஊற்று, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இறைவாக்கினர் ஓசியாவின் நூல் (2ஆம் அதிகாரம்). எரேமியாவும் எசேக்கியேலும் இதை எடுத்தாண்டனர். புதிய ஏற்பாட்டில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய 2ஆம் நிருபத்திலும் வெளிப்படுத்தலிலும் இது திருச்சபைக்கு உரியதாயிற்று. வழிதவறிய மனைவி கோமேரை ஓசியா மீண்டும் ஏற்றது நடந்த சம்பவமா, காட்சியில் கண்டதா என்பதில் உரைகாரர் இன்னும் ஒருமுகப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் இவ்வுருவகத்தைத் தனித்து நோக்கக் காரணம் சீதனம். பண்டைய இஸ்ரவேலில் பரிசம் கொடுத்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். நீதி, நியாயம், பேரன்பு, இரக்கம், உண்மை என்று ஓசியா அடுக்குபவை, மணவாளனாகிய இறைவன் தாமே கொண்டுவரும் பரிசம் என்பர் ஒரு சாரார். யாழ்ப்பாணத்திலோ வீடும் வளவும் நகையும் பெண்ணோடு போகும். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, முதலிமார் பன்னிருவர் பார்வையிட்டு, 1707இல் சட்டமான தேசவழமையில் சீதனம் முதன்மையான பொருள். சீதனம் பெற்ற மகளுக்குப் பெற்றோரின் மற்றச் சொத்தில் பங்கு இல்லை என்றே அதன் பழைய விதி கூறிற்று. இத்தகைய ஊரில், ஒன்றும் கொண்டுவராத பெண்ணுக்கு எல்லாவற்றையும் தாமே கொடுத்து நிச்சயம் செய்யும் மாப்பிள்ளையைப் பற்றிப் பிரசங்கிப்பது லேசான காரியமாக இருந்திருக்காது.

போர்த்துக்கேயர் ஆட்சியில் (1619–1658) கத்தோலிக்க மறை பரவியது. ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்புகளில் (பதிவேடுகளில்) பதியப்பட்டன. அவர்கள் ஆட்சியில் பிலிப்பு த மெல்லோ மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சானது.

இவ்வுருவகத்துக்குச் சான்றுகள் மிகுந்த காலம் 1816இல் வந்த அமெரிக்க மிசனின் காலமே. இம்மிசனரிமார் பெரும்பாலும் கொங்கிரிகேஷனல் சபையினர். சபையில் சேர்பவர் எல்லார் முன்னிலையிலும் விசுவாச அறிக்கைக்கும் உடன்படிக்கைக்கும் சம்மதம் சொல்வது அவர்கள் முறை. 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கு செமினரி தொடங்கிற்று. அடுத்த ஆண்டு ஹரியட் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை அமைத்தார். படித்த பெண்ணை யார் கட்டுவார் என்று பெற்றோர் தயங்கினர். கற்று முடித்துக் கிறிஸ்தவன் ஒருவனை மணக்கும் பெண்ணுக்கு மிசனே சீதனம் கொடுக்கும் என்று வாக்களிக்கப்பட்டது. சீதனத்தைக் கண்டித்த பாதிரிமாரே அதைக் கொடுக்கும் தாய் தகப்பனாகவும் நிற்க நேர்ந்தது. அவர்களது அறிக்கைகளில் இதைவிடச் சுவையான பகுதியைக் காண்பது அரிது. உடுவில் மாணவியரிற் பலர் செமினரியிற் படித்த உபதேசிமாரையும் ஆசிரியரையும் மணந்தனர். குடாநாட்டின் பழைய புரட்டஸ்தாந்துக் குடும்பங்கள் பலவற்றின் வேர் இம்மணங்களில் இருக்கிறது. ஹரியட் 1833இல் காலமானார். 1840இல் வந்த எலைசா அக்னியூ ஏறத்தாழ 40 ஆண்டுகள் உடுவிலில் பணிபுரிந்தார். மணமாகாத இவரை 'ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்' என்று அழைத்தனர்.

இதே காலத்தில் வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தை மொழிபெயர்த்தார் (1850). இதில் நாவலரின் பங்கு எவ்வளவு என்பது பற்றிக் கிறிஸ்தவ எழுத்தாளரும் சைவ எழுத்தாளரும் வேறுபடுவர். விவிலியம் முழுதும் அவருக்குப் பழக்கம் என்பதில் ஐயமில்லை. அவர் எழுதிய 'சைவதூஷண பரிகாரம்' (1854) அதற்குச் சாட்சி. கடவுளருக்குத் திருமணமா என்று மிசன் துண்டுப் பிரசுரங்கள் ஏளனம் செய்த நாட்களில், பாதிரிமார் கையிலிருந்த வேதமும் இறைவனை மாப்பிள்ளையாகவே காட்டியது கவனிக்கத்தக்கது.

சைவச் சூழலும் இவ்வுருவகத்துக்கு அந்நியமல்ல. கோயில்களில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கில் வள்ளியம்மை திருமணப் படலம் விழாவாகவே கொண்டாடப்படும். மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் இறைவன் தலைவனா தலைவியா என்ற கேள்வி பண்டிதருக்குப் பழகியதே. இதே தமிழ் மரபில் தமிழகக் கிறிஸ்தவரான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) 'பெத்லகேம் குறவஞ்சி'யில் சீயோன் மகளை இயேசுவின்மேல் காதல்கொண்ட தலைவியாக்கினார். குறி சொல்லக் குறத்தியும் வருகிறாள்.

கத்தோலிக்கரிடையே இவ்வுருவகம், கன்னியரைக் கிறிஸ்துவின் மணவாட்டியாகக் காணும் துறவுக்கு உரியதாக வளர்ந்தது. திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணம் வந்தனர்.

1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் உருவானபோது முதற் பேராயரானவர் சபாபதி குலேந்திரன். கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருட்கோட்பாட்டை ஒப்பிடும் அவரது ஆங்கில நூல் 1964இல் வெளிவந்தது. இவ்வுருவகத்தின் உட்பொருளான தகுதி பாராத அன்பைப் பற்றி இக்குடாநாட்டவர் எழுதியவற்றுள் தலையாயது அதுவே எனலாம்.

சடங்குகளில், சைவருக்குரிய பொன்னுருக்கைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவும் கைக்கொள்கின்றன. நல்ல நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் தட்டார் பொன் நாணயத்தை உருக்குவார். உருகிய பொன்னை வெற்றிலை, மஞ்சள், பூவோடு தட்டத்தில் வைத்து வந்தோருக்குக் காட்டுவர். அதன்பின் தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் சந்திப்பதில்லை. கிறிஸ்தவத் தாலியில் சிலுவை அல்லது புறா இருக்கும்.

1990க்குப் பிந்திய இடப்பெயர்வுகளுக்கும் வெளிநாட்டுக் குடியேற்றத்துக்கும் பிறகு 'எழுத்து' முன்னுக்கு வந்துள்ளது. விவாகப் பதிவை முதலில் முடித்து, விசா வரும்வரை பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். சட்டப்படி மனைவி, ஆயினும் கூடி வாழத் தொடங்காதவள். பண்டைய இஸ்ரவேலில் நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் நிலையும் இதுவே. அதனால்தான் மரியாளை விலக்கிவிட யோசேப்பு விவாகரத்தைப் பற்றி எண்ண வேண்டியிருந்தது. ஓசியா சொன்ன நிச்சயத்துக்குப் பொன்னுருக்கைவிட இந்த எழுத்தே நெருங்கிய உள்ளூர் உதாரணம்.