சுற்றாத ஃபிலிம்



போன வாரம் 1988 பத்தாம் வகுப்புக்காரர்கள் கூடியபோது ஒருவர் கேட்டார்: "சார், பிரிவு உபசார விழா அன்னைக்கு நீங்க எடுத்த படம் ஒண்ணுகூட எங்க கைக்கு வரலையே?" சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று பதில் சொல்கிறேன். வரலாற்று வாத்தியார் அல்லவா, கேமராவின் கதையிலிருந்துதான் தொடங்குவேன்.

அது பென்டாக்ஸ் கே1000. எஸ்.எல்.ஆர். வகை. லென்ஸ் வழியே வரும் ஒளியை உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். நாம் பார்ப்பதுதான் படத்தில் விழும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1936-இல் வந்த கினே எக்ஸாக்டா, 35 மி.மீ. ஃபிலிமுக்கான இந்த வகைக் கேமராக்களில் முன்னோடி. ஆனால் ஒரு படம் எடுத்ததும் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். ஃபிலிமைச் சுற்றும்வரை பார்க்குமிடத்தில் இருட்டுதான். 1954-இல் ஜப்பானின் அசாஹி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கேமராவில் கண்ணாடி உடனே தானாகக் கீழிறங்கியது. அதே நிறுவனம் 1964-இல் ஸ்பாட்மேட்டிக் கேமராவில், லென்ஸ் வழியே வரும் ஒளியை அளக்கும் மீட்டரை வைத்தது.

அந்த வம்சத்தில் 1976-இல் பிறந்தது கே1000. அதே ஆண்டில்தான் மைக்ரோபிராசஸர் வைத்த கேனன் ஏஇ-1 வந்தது. 1985-இல் தானாகவே ஃபோகஸ் செய்யும் மினோல்டா 7000 வந்தது. கே1000-இல் இதெல்லாம் எதுவும் கிடையாது. டைமர் இல்லை. மீட்டரை அணைக்க சுவிட்சுகூட இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டு வைக்க வேண்டியதுதான். பேட்டரி மீட்டருக்கு மட்டும். அது தீர்ந்தாலும் ஷட்டர் ஒரு நொடி முதல் 1/1000 நொடி வரை வேலை செய்யும்.

ஆனாலும் 1997 வரை, 21 ஆண்டுகள், அது தயாரானது. ஜப்பானில் தொடங்கி, ஹாங்காங் போய், சீனாவில் முடிந்தது. 30 லட்சத்துக்கு மேல் விற்றது. விலை குறைவு என்பது ஒரு காரணம். புகைப்படம் கற்பித்த ஆசிரியர்கள் மாணவர்களை இதையே வாங்கச் சொன்னது இன்னொரு காரணம். மீட்டரின் முள் வெளிச்சம் கூடவா குறைவா என்று காட்டும். முடிவெடுக்க வேண்டியவர் நாம். படம் கெட்டால் பழிபோட ஆளில்லை.

இனி அந்த நாள். சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து தந்த கேமரா. அவசரத்தில் ஃபிலிம் மாட்டினேன். வேப்பமரத்தடியில் உங்களை மூன்று வரிசையாக நிறுத்தி எடுத்தேன். எண் 36-ஐத் தாண்டி 38, 39 என்று போனபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஃபிலிமின் நுனி சுருளில் மாட்டவே இல்லை. எண் மட்டும் ஓடியிருக்கிறது; ஃபிலிம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

ஃபிலிம் சரியாக ஏறினால், ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இடப்பக்கக் குமிழ் திரும்பும். அதை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். உங்கள் விடைத்தாளில் "விடையைச் சரிபார்" என்று சிவப்பு மையில் எழுதிய அதே ஆள்தான் அதைப் பார்க்கவில்லை. ஸ்டுடியோக்காரர் ரோலைக் கெடுத்துவிட்டார் என்று அப்போது உங்களிடம் சொன்னேன். அது பொய். பாவம், அவர் அந்த ரோலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அன்று அந்த வரிசையில் நின்றவர்களில் இருவர் இன்று நம்மோடு இல்லை. மன்னித்துவிடுங்கள்.

அன்றைய படம் வேறு யாரிடமாவது இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, கீழே போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்