அரக்குக் கிண்ணமும் பித்தளைக் கோளமும்

கண்ணாடி, கந்தகம், அரக்கு ஆகியன மின்சாரத்தைத் தம் வழியே ஓடவிடா. ஆகவே மின்னியலில் அவை வெறும் வேலிகளே என்று அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இரு மின்னேற்றங்களுக்கிடையே உள்ள விசை தொலைவிலிருந்தே செயற்படுவது. இடையிலுள்ள பொருளுக்கு அதில் பங்கில்லை என்பது கணித வல்லுநர் கொள்கை. மைக்கேல் பாரடே இதனை ஏற்றிலர். ஆனால் மறுத்தால் போதுமா? அளந்து காட்ட வேண்டுமன்றோ?

1837 இறுதியில் லண்டன் ராயல் கழகத்திற்கு அவர் அனுப்பிய கட்டுரையில் அக்கருவி விளக்கப்பட்டுள்ளது. உள்ளே 2.33 அங்குல விட்டமுள்ள பித்தளை உருண்டை. அதைச் சூழ 3.57 அங்குல உள்விட்டமுள்ள பித்தளைக் கோளம். இடைவெளி 0.62 அங்குலம். இதே அளவில் இரண்டு கருவிகள் செய்தார். நுட்பம் இந்த இரட்டையிலேதான் இருக்கிறது. ஒன்றில் காற்று மட்டும். மற்றொன்றின் கீழ்ப்பாதியில் அரக்கினாலான கிண்ணம்.

முதலில் ஒன்றுக்கு மின்னேற்றி, கூலும் என்பாரின் முறுக்குத் தராசினால் அதனை அளந்தார். பிறகு அதனை மற்றதோடு இணைத்துப் பங்கிடச் செய்து மீண்டும் அளந்தார். இரண்டிலும் காற்றே இருப்பின் தராசு பாதி காட்ட வேண்டும். அரக்குள்ள கருவி காற்றுக் கருவியைப்போல் ஒன்றரை மடங்கு கொள்வதாயின், காற்றுக் கருவியிலிருந்த 300 பங்கிட்டபின் 120 ஆகும்; அரக்குக் கருவியிலிருந்து தொடங்கினால் 180 ஆகும். மாணாக்கர் கரும்பலகையில் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது. இருபுறமும் மாற்றிச் சோதிப்பதால் கருவியின் பிழையும் வெளிப்படும். அரக்கு இடத்தில் பாதியையே நிரப்பியதால், முழுதும் நிரம்பின் அதன் திறன் காற்றைப்போல் ஏறத்தாழ 2 மடங்கு எனக் கணித்தார். கந்தகத்திற்கு 2.24 கிடைத்தது.

இடையூறும் இருந்தது. திண்பொருள்களுள் மின்னேற்றம் சிறிது ஊறி, பின்னர் மெல்லத் திரும்பி வரும். ஆதலின் அளவீட்டை விரைந்து முடிக்க வேண்டியிருந்தது.

இப்பெருமை முழுதும் பாரடேக்கே உரியதா? 1770களிலேயே ஹென்றி கேவண்டிஷ் கண்ணாடி, அரக்கு, தேன்மெழுகு முதலியவற்றைத் தகடுகளாக்கி அவற்றின் கொள்திறனை ஒப்பிட்டிருந்தார். ஆனால் அவற்றை அவர் வெளியிடவில்லை, 1810-ல் மறைந்தார். மாக்ஸ்வெல் பதிப்பித்த பின்னரே, 1879-ல், உலகம் அவற்றைக் கண்டது. முந்தியவர் கேவண்டிஷ்; ஆயினும் பிறர் பயன்கொள்ளும்படி செய்தவர் பாரடேயே என்பது என் துணிபு.

நம் நாட்டு மரப்பாலும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. 1843-ல் சிங்கப்பூரிலிருந்து மருத்துவர் மாண்ட்கோமரி லண்டனுக்கு அனுப்பிய கெத்தா பெர்ச்சா, கடலடிக் கம்பிகளுக்கு உறையாயிற்று. அவ்வுறையிட்ட 100 மைல் கம்பியை நீரில் மூழ்க வைத்துச் சோதித்ததை 1854-ல் பாரடே விளக்கினார். அக்கம்பி ஒரு பெரிய லேடன் ஜாடியைப்போல் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துப் பிறகே விட்டது. காற்றில் தொங்கிய கம்பியில் அவ்வாறு நிகழவில்லை. தந்திச் செய்தி கடலடியில் தயங்கியதன் காரணம் அவ்வுறையிலேயே இருந்தது.