வரிச் செய்தியில் வரும் ஆங்கிலச் சொற்கள்: விவசாயிகள் அறிய வேண்டியவை

2025 ஜூன் மாதம் பெரியபாளையம் பகுதியில் ஒரு பயிற்சி. வேர்க்கடலை அறுவடை முடித்திருந்த விவசாயி ஒருவர் தம் செல்பேசியை என்னிடம் நீட்டினார். "எண்ணெய்க்கு டியூட்டி கட் பண்ணிட்டாங்கன்னு போட்டிருக்கு சார். வரி குறைஞ்சா நமக்கு நல்லதுதானே? மூட்டையை இன்னும் ஒரு மாசம் வெச்சிருந்து விக்கட்டுமா?" என்று கேட்டார்.

டியூட்டி என்றால் வரி, கட் என்றால் குறைப்பு. இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தன. அவற்றுக்கு முன்னால் இருந்த 'இம்போர்ட்' என்ற சொல்லைத்தான் அவர் கவனிக்கவில்லை. அந்த ஒரு சொல் செய்தியின் பலனையே மாற்றிவிடும். விலையைத் தொடும் இத்தகைய சொற்களை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

முதலில் திசையைப் பாருங்கள்

இம்போர்ட் என்றால் வெளிநாட்டிலிருந்து சரக்கு உள்ளே வருவது. எக்ஸ்போர்ட் என்றால் நம் சரக்கு வெளியே போவது. வரிச் செய்தி எதைப் படித்தாலும் இந்த இரண்டில் எது என்று முதலில் பாருங்கள்.

• இம்போர்ட் டியூட்டி குறைந்தால் வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வரும். அதே பொருளை விளைவிப்பவருக்கு விலை இறங்க வாய்ப்பு உண்டு.
• இம்போர்ட் டியூட்டி கூடினால் உள்ளூர் விளைபொருளுக்கு ஆதரவு.
• எக்ஸ்போர்ட் டியூட்டி குறைந்தால் ஏற்றுமதியாளர் கூடுதலாக வாங்குவார். விலை ஏற வாய்ப்பு உண்டு.
• எக்ஸ்போர்ட் டியூட்டி கூடினால் சரக்கு உள்நாட்டிலேயே தேங்கும். விலை இறங்கலாம்.

ஆக, 'டியூட்டி கட்' என்ற ஒரே சொல் ஒரு திசையில் விவசாயிக்குச் சாதகம், மறு திசையில் பாதகம். வெங்காயத்துக்கு இருந்த 20 சதவீத எக்ஸ்போர்ட் டியூட்டி 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது வெங்காய விவசாயிக்கு நல்ல செய்தி. அடுத்த மாதமே சமையல் எண்ணெய்க்கு வந்த இம்போர்ட் டியூட்டி குறைப்பு, எண்ணெய் வித்து பயிரிடுபவருக்கு எச்சரிக்கைச் செய்தி.

எவ்வளவு வரி: எண்ணெய்க் கணக்கு

2025 மே இறுதியில் சுத்திகரிக்காத பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் 'பேசிக் டியூட்டி' 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பேசிக் டியூட்டி என்றால் அடிப்படை வரி. அதன்மேல் 'செஸ்', 'சர்சார்ஜ்' என்ற கூடுதல் வரிகளும் உண்டு. எல்லாம் சேர்ந்த மொத்த வரியே 'எஃபெக்டிவ் டியூட்டி'.

100 ரூபாய் மதிப்புள்ள எண்ணெய்க்குக் கணக்கு இது:

முன்பு: அடிப்படை வரி ரூ.20 + வேளாண் செஸ் ரூ.5 = ரூ.25. அந்த 25-க்கு 10 சதவீத சர்சார்ஜ் ரூ.2.50. மொத்தம் ரூ.27.50.

பிறகு: ரூ.10 + ரூ.5 = ரூ.15. சர்சார்ஜ் ரூ.1.50. மொத்தம் ரூ.16.50.

ஒரு செய்தியில் 10 சதவீதம் என்றும் இன்னொன்றில் 16.5 சதவீதம் என்றும் இருந்தால் குழப்பம் வேண்டாம். முன்னது பேசிக், பின்னது எஃபெக்டிவ்.

கடலை எண்ணெய் இந்தக் குறைப்புப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பாமாயிலும் சூரியகாந்தி எண்ணெயும் மலிந்தால் வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் அவற்றுக்கு மாறுவார்கள். எனவே அந்த விவசாயியிடம், "விலை ஏறும் என்று காத்திருக்க இந்தச் செய்தி காரணம் ஆகாது. கடன் வட்டியையும் இருப்பு வைக்கும் செலவையும் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்" என்று சொன்னேன்.

தடையும் தளர்வும்: அரிசிச் செய்தி

• பேன்: தடை. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.
• மினிமம் எக்ஸ்போர்ட் பிரைஸ்: இந்த விலைக்குக் கீழே ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற வரம்பு. சுருக்கமாக எம்.இ.பி. 2024 செப்டம்பர் 28 அன்று அந்தத் தடை நீங்கியபோது டன்னுக்கு 490 டாலர் என்று வைத்தார்கள். அடுத்த மாதம் அதையும் எடுத்துவிட்டார்கள்.
• எக்ஸெம்ப்ஷன்: விலக்கு. பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரிக்கு 2025 ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை விலக்கு தரப்பட்டது.
• எக்ஸ்டெண்ட்: நீட்டிப்பு. அந்த விலக்கு பிறகு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

இதில் ஒன்றை நினைவில் வையுங்கள். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போடும் நெல்லுக்கு அறிவித்த விலைதான். இந்தச் செய்திகளால் அது அன்றாடம் மாறாது. தனியார் வியாபாரியிடம் விற்பவருக்கே இவை உடனடியாகப் பயன்படும்.

டாரிஃப்: யார் கட்டுகிறார்கள்?

டாரிஃப் என்பதும் சுங்க வரிதான். பெரும்பாலும் இறக்குமதி வரியைக் குறிக்கும். 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 25 சதவீத டாரிஃப் விதித்தது. ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம் சேர்த்து 50 சதவீதம் ஆக்கியது. முதலில் வந்ததை 'ரெசிப்ரோகல் டாரிஃப்' என்றார்கள். பதிலுக்குப் பதில் வரி என்று பொருள்.

இந்த வரியை அமெரிக்க அரசுக்குக் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். அப்படியானால் நமக்கென்ன என்று கேட்கலாம். இந்திய இறாலை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. அங்கே வரி கூடியதும் வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்வார். ஏற்றுமதியாளர் அதைப் பதப்படுத்தும் ஆலையின் மீதும், ஆலை அதை வளர்ப்பவர் மீதும் தள்ளும். பழவேற்காடு, பொன்னேரி பக்கம் வனாமி இறால் வளர்ப்பவர்கள் 'டாரிஃப் ஹைக்', அதாவது வரி உயர்வு என்ற செய்தியைக் கண்டால் குளத்தில் குஞ்சு விடும் முன்பே கொள்முதல் செய்பவரிடம் விலையைப் பேசிக்கொள்வது நல்லது.

நடந்ததா, நடக்கப்போவதா?

அதிக நஷ்டம் வருவது இங்கேதான். செய்தியில் வரும் வினையைப் பாருங்கள்.

1. த்ரெட்டன், மே, லைக்லி: மிரட்டல் அல்லது ஊகம். இதை நம்பி விற்கவும் வேண்டாம், பதுக்கவும் வேண்டாம்.
2. ப்ரபோஸ்: முன்மொழிவு. இன்னும் முடிவாகவில்லை.
3. அனவுன்ஸ்: அறிவித்துவிட்டார்கள். நடைமுறைத் தேதி தனியாக வரலாம்.
4. நோட்டிஃபை: அரசாணையாக வெளியாகிவிட்டது.
5. எஃபெக்டிவ் ஃப்ரம்: இந்தத் தேதி முதல் அமலுக்கு வருகிறது.

நான்கும் ஐந்தும் இருந்தால்தான் அது உறுதியான செய்தி. செல்பேசிக் குழுக்களில் பழைய செய்திகளும் சுற்றுகின்றன. அதனால் தேதி இல்லாத செய்தியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பழகும் முறை

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: பொருள், உள்ளேயா வெளியேயா, கூடியதா குறைந்ததா, எந்த நிலை, எந்தத் தேதி. நாளுக்கு ஒரு செய்தி போதும். புதிய சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, பக்கத்தில் உங்கள் பேச்சில் பொருளைக் குறியுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். 'கன்சைன்மென்ட்', 'இன்வாய்ஸ்' போன்ற சொற்கள் அவர்களுக்கு அன்றாடம் புழங்குபவை. பதினைந்து நாள் கழித்து, குறித்த செய்திக்கும் உள்ளூர் விலைக்கும் தொடர்பு இருந்ததா என்று பாருங்கள். மழை, வரத்து, பண்டிகை ஆகியவையும் விலையை மாற்றும் என்பது அப்போது தெரியும்.

சந்தேகம் வந்தால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். உள்ளூர் விலையை உழவன் செயலியில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மூட்டையை வண்டியில் ஏற்றுங்கள்.