சிப்பாய் எட்டாம் கட்டம் போனால்...

மலர்க் குழுவினர், "சரித்திரம் படித்தவர்தானே, சரித்திரமாகவே ஒன்று எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். பல்லவர், கல்வெட்டு என்று ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே ஒரு விளையாட்டின் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நம்ம மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. மாஸ்கோவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போரால் இங்கே வந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகள்! வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்த குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

என் கவனம் போனது ஒரே ஒரு விதியில். சிப்பாய் எதிராளியின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? இன்றைய விதிப்படி ராணி, யானை, பிஷப், குதிரை எதுவாகவும் ஆகலாம். அன்று அப்படியில்லை. பழைய அரபு சதுரங்கத்தில் மந்திரியாக மட்டுமே ஆகலாம். அந்த மந்திரியும் மூலைவாட்டில் ஒரே கட்டம் நகரும் பாவப்பட்ட காய். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஐரோப்பாவில் அதற்கு யானையின் நேர் ஓட்டமும் பிஷப்பின் மூலை ஓட்டமும் சேர்த்துக் கொடுத்து ராணியாக்கினார்கள். இரண்டு தொழில் ஒரே ஆளுக்கு!

நம் நாட்டு ஆட்டத்தில் இடத்துக்கு இடம் விதி மாறும். பல ஊர்களில், சிப்பாய் எந்தக் காயின் வரிசையில் போய் நிற்கிறதோ அந்தக் காயாகத்தான் ஆக முடியும். குதிரை வரிசையென்றால் குதிரை. ஆசைப்பட்டாலும் யானையாக முடியாது. இந்த நாட்டு விதிகளில் ஆடிப் பழகிய மீர் சுல்தான் கான், புது விதிகளைக் கற்றுக்கொண்டு 1929, 1932, 1933ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்.

1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு மேஜை விளையாட்டு வந்தது. வீரன், மந்திரவாதி என்று வேடம் எடுத்து, அனுபவம் சேர்த்து, படிப்படியாக உயர வேண்டும். 1978ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில் ஒரு வேடிக்கை. 'எல்ஃப்' என்னும் கற்பனை இனத்தார் இரண்டு தொழிலை ஒரே நேரத்தில் செய்யலாம். ஆனால் அனுபவம் பங்காகிவிடும், உயர்வுக்கும் உச்சவரம்பு உண்டு. மனிதனுக்கு வரம்பு கிடையாது. ஆனால் தொழில் மாறினால் முதல் படியிலிருந்து துவங்க வேண்டும். பழைய வித்தையை இடையில் எடுத்துவிட்டால் அந்தப் பயணத்தின் அனுபவம் கணக்கில் சேராது. புதுத் தொழிலில் பழைய படியைத் தாண்டிய பிறகுதான் இரண்டும் கைகூடும்.

இதைப் படித்தபோது என் வகுப்புத் தோழர் ஒருவர் நினைவுக்கு வந்தார். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, 1957இல் அரசு துவக்கிய மாமல்லபுரம் சிற்பப் பயிற்சியில் சேர்ந்தார். சிற்பிக் குடும்பமும் அல்ல. கல் முன்னால் உட்கார்ந்தபோது பட்டம் செல்லுபடியாகவில்லை. உளி தீட்டுவதிலிருந்து துவங்கினார். "சம்பளமும் இல்ல, மரியாதையும் இல்லடா" என்பார். இன்று பழைய சிலையைப் பார்த்தால் எந்தக் காலம் என்றும் சொல்வார், எப்படிச் செதுக்கினார்கள் என்றும் சொல்வார். இரண்டும் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

அந்த நடுவாந்தர வருஷங்களை அவர் தாண்டியது அண்ணன் அனுப்பிய மணியார்டரால். அண்ணன் இல்லாதவர்கள்? நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரி. அப்பன் தொழில் என்ற வரிசையை விட்டு வெளியே வந்தவர்கள். இன்னொரு தடவை முதல் படிக்கு இறங்கத் துணிச்சல் மட்டும் போதாது, சோறும் வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு என் விண்ணப்பம்: உதவித்தொகையில் ஒரு பங்கை, பட்டம் பெற்ற பின் வேறு தொழில் கற்கப் போகிறவர்களுக்கு ஒதுக்குங்கள். முதல் தவணைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.